ஐந்து கேட்டவளுக்கு ஏழு

ஆடிக் கிருத்திகைக்கு மூன்று நாள் இருந்தது. திருத்தணிக் கடைத்தெருவில் மஞ்சள் துணி விற்பவர்கள் ஓரமெல்லாம் பிடித்துவிட்டார்கள். பூக்காவடிக்கு விலை பேசும் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது. மலைக்குப் போகிற வண்டிகள் பாதி வழியில் நின்றுவிடக் கூடாதென்று ஆளாளுக்குக் கொண்டுவந்து விட்டதில், ஃபக்ருதீன் பாயின் பட்டறை வாசலில் ஏழு மொபெட்டுகள் வரிசை கட்டி நின்றன. அன்று சாயங்கால ரயிலில் அரக்கோணத்திலிருந்து வந்து இறங்கிய அவர் மகன் உபைத், ஒரு பழுப்பு அட்டைப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அந்த வண்டிகளுக்கு நடுவே நுழைந்து வீட்டுக்குள் போனான்.

"சுபி, வா. நீ அஞ்சு கேட்ட. உங்கண்ணன் ஏழு வாங்கியாந்துகிறான்" என்றான்.

சுபியா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று வயது. தாலுக்கா ஆபீசுக்கு எதிரில் பிரேமா என்பவள் நடத்தும் ஜெராக்ஸ் கடையில் மனு அடிக்கிறவள். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, கிணற்றில் பங்கு, வரப்புத் தகராறு என்று ஜனங்கள் காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பார்கள். பாதிப் பேர் தெலுங்கில் சொல்ல, இவள் காதில் வாங்கித் தமிழில் அடித்துக்கொண்டே போவாள். எவ்வளவு நீளமாக அழுதாலும் அதிலிருந்து மூன்று வரி மனுவை எடுத்துவிடுவாள் என்று பிரேமா பெருமையாகச் சொல்லுவாள்.

வேலை விட்டு வந்தால் இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டு. வீட்டில் அதைச் "சுடற ஆட்டம்" என்பார்கள். நேரில் பார்த்தே இராத ஐந்து பெண்கள் சேர்ந்த அணி அது. தலைவி சுஜாதா திருப்பதியில் ஒரு லாட்ஜில் கணக்கு எழுதுகிறாள். இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண்கள் அணிகளுக்கான தேர்வுச் சுற்று. அதற்கு ஆறு மாதமாகப் பழகிக்கொண்டிருந்தார்கள். மற்ற நான்கு பேருக்கும் பிரச்சினை இல்லை. சுபியாவின் கம்ப்யூட்டர், மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து அத்தா வாங்கி வந்தது, அடிதடி மும்முரமாகும் நேரத்தில் அரை நொடி உறைந்து நிற்கும். அது மறுபடி அசையும்போது ஆட்டத்தில் இவள் செத்துக் கிடப்பாள்.

ஆகவே பிராசஸரையும் மதர்போர்டையும் மாற்றுவதென்று முடிவு செய்தாள். மூன்று மாதம் அதையே படித்தாள். பன்னிரண்டாம் தலைமுறை ஐ-ஃபைவ், அது உட்காருகிற போர்டு. போட்டி நடத்துகிறவர்கள் புதிய விண்டோஸ் கட்டாயம் என்று சொல்லிவிட்டதால் அதற்குத் தேவையான பாதுகாப்புச் சில்லு அந்தப் போர்டில் இருக்க வேண்டும். நாளைக்கு இன்னும் பெரிய பிராசஸர் வாங்கினாலும் அதே போர்டில் மாட்ட வேண்டும். போர்டுக்குப் பொருத்தமான ராம் இரண்டு குச்சியைப் போன மாதமே கூரியரில் வரவழைத்துப் பீரோவில் வைத்திருந்தாள். கிருத்திகை நெரிசலில் பிரேமாவிடம் லீவு கேட்க முடியாமல், தினமும் அரக்கோணத்துக்குக் கார் ஏ.சி. ரிப்பேர் வேலைக்குப் போய்வரும் அண்ணனிடம் பணத்தையும், மாடல் எண்களை எழுத்தெழுத்தாக எழுதிய ஒரு தாளையும் கொடுத்தனுப்பினாள். அங்கே பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் விஷ்ணு அவனுடைய சிநேகிதன்.

பெட்டியின் மேல் எந்தக் கம்பெனிப் பேரும் அச்சடித்திருக்கவில்லை. உள்ளே போர்டு. குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றிய பிராசஸர். அதைத் திருப்பி எழுத்தைப் பார்த்தாள். ஐ-செவன்தான். நான்காம் தலைமுறை. இவள் பத்தாவது படிப்பதற்கும் முன்னால் வந்த சரக்கு.

"இன்னா, வாயடச்சிப் போச்சா?" என்று உபைத் சிரித்தான். அதே காசுக்கு ஏழு கிடைப்பதென்பது விஷ்ணு தனக்காகச் செய்த உதவி, வேறு யாருக்கும் கொடுக்கமாட்டான் என்றான்.

சுபியா பீரோவைத் திறந்து ராம் குச்சி ஒன்றை எடுத்துவந்து போர்டின் மேல் வைத்துக் காட்டினாள். குச்சியில் வெட்டு ஓரிடத்தில் இருந்தது, போர்டில் மேடு வேறிடத்தில் இருந்தது.

"அழுத்து, உக்காந்துக்கும்" என்று உபைத் கட்டை விரலை அதன்மேல் வைத்தான். அவன் கையை அவள் தட்டிவிட்டாள். பலமாகவே தட்டினாள். சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து அம்மா ஷரீபுன்னிசா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் தெருவுக்கே கேட்டிருக்கும். இது பழைய காலத்துப் பொருள், புது ராம் இதில் ஏறாது, புது விண்டோஸ் ஏறாது, போட்டியில் உள்ளேயே விடமாட்டார்கள் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தான். ஐந்து பெரிசா ஏழு பெரிசா. அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொல்லச் சொல்ல அவன் குரல் ஏறியது. கடை வைத்து நடத்துகிறவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது என்றான். வேலை முடிந்த களைப்பில், பசியோடு, கூட்டத்தில் நசுங்காமல் தூக்கிவந்தவனுக்கு ஒரு நல்ல வார்த்தை இல்லையே என்றான். அது உண்மைதான். அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை.

ஷரீபுன்னிசா தட்டுகளை வைத்துத் தால்ச்சாவும் சோறும் போட்டாள். "ஆசையா வாங்கியாந்தான். அதிலேயே ரெண்டு ஆட்டம் ஆடினா கொறஞ்சா பூடுவ?" என்று மகளைக் கேட்டாள். சுபியா சாப்பிடவில்லை. போர்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.

ஃபக்ருதீன் ஒரு மொபெட்டின் இஞ்சினைப் பிரித்து வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். அவருக்கு எப்படிச் சொன்னால் புரியுமோ அப்படிச் சொன்னாள். "அத்தா, இந்த வண்டிக்கு பிஸ்டன் வாங்கியாரச் சொன்னா, புல்லட் பிஸ்டன் தான் பெருசுன்னு வாங்கியாந்து குடுத்தா மாட்டுவீங்களா?"

அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போர்டை வாங்கினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, கம்ப்யூட்டர்காரன் யாரும் பார்க்காத இடத்தைப் பார்த்தார். நான்கு மூலையிலும் இருக்கிற திருகு ஓட்டைகளை.

"இது புதுசு இல்லமா" என்றார். "ஓட்டைய சுத்தி பாரு, வட்டமா தேஞ்சிகீது. ரெண்டு மூணு தபா முடுக்கிக் கழட்டின போர்டு இது. கழுவி எடுத்தாந்து வச்சிகிறான்."

சுபியாவுக்கு ஒரு நிமிஷம் தெம்பு வந்தது. அத்தா எழுந்து உள்ளே போய் உபைத்திடம் கேட்பார் என்று நினைத்தாள். அவர் போர்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி குந்தினார். கிருத்திகைக் கூட்டம் போகட்டும், அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம், அவனும் நல்ல எண்ணத்தில்தானே செய்தான் என்றார். முகத்தைப் பார்க்காமலே சொன்னார். போன வருஷம் முட்டி வலி வந்து இவர் வேலையைக் குறைத்துக்கொண்டதிலிருந்து வீட்டுக்கு உபைத்தின் சம்பளம்தான் பெரிசு. அதிலிருந்து அவனிடம் பேசும்போது அத்தாவின் குரல் ஒரு படி இறங்கியிருந்தது. அதை அவள் கவனித்திருக்கிறாள். இன்றைக்குத்தான் அது அவள் மேல் வந்து விழுந்தது.

"ஞாயித்துக்கெழம ஆட்டம் அத்தா" என்றாள்.

"ஆட்டம் தானேம்மா" என்றார் அவர்.

அந்த வார்த்தையோடுதான் அவள் படுத்தாள், அந்த வார்த்தையோடுதான் விடிந்ததும் எழுந்தாள். பிரேமாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். வாசலில் மனுவோடு பத்துப் பேர் நிற்கிற நாளில் லீவு கேட்கிறாளே என்று பிரேமா முதலில் முணுமுணுத்தாள். முழுவதும் கேட்ட பிறகு, போய்விட்டு வா, விடாதே, நாளைக்கும் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றாள்.

உபைத் ஏழரை ரயிலுக்குப் போய்விட்டிருந்தான். இவள் அடுத்த ரயிலில் ஏறினாள். எதிர்த்திசையில் வந்த வண்டிகள் காவடிகளும் மொட்டைத் தலைகளுமாக வழிந்தன. அரக்கோணம் போகிற வண்டி காலியாக இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, கடையில் என்ன பேச வேண்டுமென்று மனு எழுதுவதைப் போல மூன்று வரியில் யோசித்து வைத்துக்கொண்டாள்.

விஷ்ணுவின் கடை நீளமாக, குகை மாதிரி இருந்தது. ஒரு பழைய ஃபேன் மேலே ஆடிக்கொண்டே சுற்றியது. அவனுக்கும் உபைத் வயதுதான். பெட்டியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டான். அவள் மூன்று வரியையும் சொல்லி முடித்தாள். கேட்டது இது, கொடுத்தது இது, மாற்றிக் கொடுங்கள்.

"பிரிச்ச ஐட்டம் ரிட்டர்ன் எடுக்கறதில்ல சிஸ்டர்" என்றான். "அப்பிடியே பேசணும்னாலும் உங்கண்ணன இட்டுகினு வாங்க. நான் அவன்கிட்ட தான யாவாரம் பண்ணேன்."

"பணம் என்னுது. கம்ப்யூட்டரு என்னுது. அவன் தூக்கினு வந்தான், அவ்ளோதான்."

"அதெல்லாம் உங்க வூட்டு விசயம் சிஸ்டர்."

சொல்லிவிட்டு அவன் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தான். அவள் அவனுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அலமாரியைப் பார்த்தாள். மூன்றாவது தட்டில், நீல நிறப் பெட்டியில், அவள் தாளில் எழுதியிருந்த அதே பிராசஸர் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே அதே போர்டு. இல்லாததால் வேறு கொடுத்திருப்பான் என்றாவது இதுவரை ஒரு ஓரத்தில் நினைத்துக்கொண்டிருந்தாள். அலமாரியில் வைத்துக்கொண்டே கொடுக்கவில்லை.

வாடிக்கையாளருக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து, கல்லாவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

பதினொரு மணிக்கு ரயில்வே ஒர்க் ஷாப் ஆள் ஒருவர் மகளோடு வந்தார். வீராசாமி என்று பேர் சொன்னார். மகள் மணியம்மை இன்ஜினீயரிங் சேர்ந்திருக்கிறாள், படிக்கவும் கொஞ்சம் விளையாடவும் ஒரு நல்ல கம்ப்யூட்டர் வேண்டும். விஷ்ணு முகமெல்லாம் மலர்ந்து, ஐ-செவன் ஃபுல் செட் ஒன்று இருக்கிறது, உங்களுக்காக ஐ-ஃபைவ் விலையிலேயே போட்டுத் தருகிறேன் என்றான். வீராசாமி மகளைப் பார்த்துத் தலையாட்டினார்.

"எந்த ஜெனரேசன்னு கேளுங்க சார்" என்றாள் சுபியா.

மூன்று பேரும் திரும்பினார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை. மடியிலிருந்த பெட்டியைத் திறந்து மணியம்மையிடம் காட்டினாள். ஐந்து, ஏழு என்பதெல்லாம் அந்தந்த வருஷத்துப் பிள்ளைகளுக்குள் யார் பெரியவன் என்பதற்குத்தான், பத்து வருஷத்துக்கு முந்தைய ஏழு இன்றைக்கு வருகிற மூன்றுக்குக்கூட நிற்காது என்றாள். பிராசஸரைப் பார்த்து மயங்கினாலும் போர்டைப் பார்த்து வாங்க வேண்டும். போர்டுதான் நாளைக்கு எது மாட்டலாம், எது மாட்ட முடியாதென்று சொல்லும். எந்த ராம் என்று கேளுங்கள், புது விண்டோஸ் ஏறுமா என்று கேளுங்கள். எழுதி வாங்குங்கள், பில்லில். திருகு ஓட்டையையும் காட்டினாள்.

மணியம்மை போனில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். வீராசாமி விஷ்ணுவிடம், "எந்த ஜெனரேசன்பா?" என்று கேட்டார். விஷ்ணு சிரித்தான். வீராசாமி சிரிக்கவில்லை. நாளைக்கு வருகிறோம் என்று மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினார்.

அதற்குப் பிறகு லேப்டாப் சார்ஜர் கேட்டு ஒருவர் வந்தார், அவரிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பழைய கம்ப்யூட்டருக்குப் போர்டு தேடி இரண்டு பேர் வந்தார்கள், அவர்களிடம் சொன்னாள். அவர்களும் போனார்கள். விஷ்ணு கல்லாவிலிருந்து எழுந்து வாசலுக்குப் போய் யாருக்கோ போன் செய்தான். யாருக்கென்று அவளுக்குத் தெரியும்.

அரை மணியில் உபைத் வந்தான். முழங்கை வரைக்கும் கறுப்பு. ஓடி வந்திருக்கிறான்.

"இன்னா பண்ணிகினு கீற இங்க? எழுந்திரு. வூட்டுக்குப் போ" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு, வெளியே கேட்காதபடிக்கு.

"மாத்திக் குடுக்கச் சொல்லு."

"என் மானத்த வாங்காத சுபி. இவன் என் பிரெண்டு."

"ஏமாத்திட்டான்டா உன்ன. பழசக் கழுவிக் குடுத்துகிறான். அத்தா பாத்துச் சொன்னாரு."

உபைத் விஷ்ணுவைப் பார்க்கவில்லை. அவள் அதைக் கவனித்தாள். இவனுக்கும் தெரியும். நேற்று ராம் குச்சி உட்காராதபோதே தெரிந்துவிட்டது. தான் ஏமாந்தோம் என்று சிநேகிதன் முன்னால் ஒப்புக்கொள்வதற்குப் பதிலாகத் தங்கையின் பணமும் ஆறு மாதமும் போனால் போகட்டும் என்று நிற்கிறான்.

ஏமாற்றினான் என்ற சொல் விஷ்ணுவைச் சுட்டுவிட்டது. கல்லாவைத் தட்டினான். "நான் யாரையும் ஏமாத்தல. உன் சீட்ட படிச்சிட்டு, இதே ஐட்டம் கீது, எடுக்கட்டுமானு தான் மொதல்ல கேட்டேன். உங்கண்ணனையே கேளு. 'அவளுக்கு இன்னா தெரியும், நெட்ல பாத்து எழுதிகிறா, நீ பாத்து நல்லதா குடு'ன்னான். சீட்ட கிழிச்சி தோ இந்தக் குப்பையில தான் போட்டான். ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்பால தான் நான் இத எடுத்தேன்."

உபைத் இல்லை என்று சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். அவன் கையிலிருந்த கறுப்பைப் பேன்ட்டில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று மாதம் படித்தது, ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை சரிபார்த்தது, இவனுக்குக் குழப்பம் வரக் கூடாதென்று கடைசி எழுத்தின் கீழ் கோடு போட்டது எல்லாம் ஒரு சிரிப்புக்கு ஆகியிருக்கிறது. அடித்துவிடலாம் போலிருந்தது. கடையில் இருக்கிற ஒவ்வொன்றையும் எடுத்துத் தெருவில் வீசலாம் போலிருந்தது. அப்படியெல்லாம் செய்தால் இரண்டு பேருக்கும் வசதியாகப் போய்விடும், பைத்தியக்காரி என்று முடித்துவிடுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. எழுந்து நின்றாள்.

"நீ வேலைக்குப் போ" என்றாள் அண்ணனிடம். "இது என் வேல."

பிறகு விஷ்ணு பக்கம் திரும்பினாள். "மூணாவது தட்டுல நீலப் பெட்டி. பக்கத்துல போர்டு. ரெண்டயும் எடுங்க. இல்லனா நாளைக்கும் வருவேன். ரெண்டு நாள் லீவு குடுத்துகிறாங்க எனக்கு. ஸ்டூலு கூட நானே எடுத்தாறேன்."

உபைத் படியிறங்கிப் போனான். விஷ்ணு அவன் போவதைப் பார்த்துவிட்டு, வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டு அலமாரியைத் திறந்தான்.

அதே காசுதான், மேலே எதுவும் கொடுக்கவில்லை. பில் போடச் சொன்னாள், தன் பேரில். போர்டைப் பிரித்து, செல்போன் வெளிச்சத்தில் பிராசஸர் உட்காருகிற சதுரத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். மயிரிழை மயிரிழையாக ஆயிரத்து எழுநூறு ஊசிகள், ஒன்றும் வளையவில்லை. அவள் பார்த்து முடிக்கும் வரைக்கும் விஷ்ணு கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவசரப்படுத்தவில்லை.

திரும்பும்போது ரயில் பிதுங்கியது. அரக்கோணத்திலிருந்து கிருத்திகைக் கூட்டம் முழுக்க அதில்தான் ஏறியது. பெட்டியை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கதவோரம் நின்றாள். மயில் பீலி முகத்தில் உரசியது. முதுகில் பால் குடத்தின் விளிம்பு இடித்தது. மஞ்சள் புடவைக்காரம்மா ஒருத்தி, கைக்குழந்தை என்று நினைத்தோ என்னவோ, மற்றவர்களைத் தள்ளி இவளுக்கு இடம் பண்ணிக் கொடுத்தாள். என்ன அது என்று கேட்டாள். கம்ப்யூட்டர் போர்டு என்றதும், அப்படியென்றால் நசுங்கக் கூடாதே என்று இன்னும் கொஞ்சம் தள்ளினாள். காலையிலிருந்து யாரும் அவளிடம் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. கண்ணில் நீர் வந்தது. அதுவும் கோபமாகவே வந்தது.

வீட்டுக்கு வந்து, பட்டறை ஜன்னலோரம் வெளிச்சம் இருக்கும்போதே மாட்டி முடித்தாள். அத்தா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, திருகுகளை வைக்கக் காந்தத் தட்டு ஒன்றை நகர்த்தி வைத்தார். வேண்டாமென்று அவள் சொல்லவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. ஸ்விட்சைப் போட்டபோது ஃபேன் சுற்றித் திரையில் பிராசஸரின் பேர் வந்தது. அவள் எழுதிய அதே எழுத்துகள்.

உபைத்தோடு அன்றும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. ஒரே ஒரு தடவை, அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் அவனாக வந்து நின்றான். வெளையாட்டுக்குத்தான் சிரித்தோம் என்றான். "தெரியும்" என்றாள். "கோவத்துல கிழிச்சிருந்தா கூட இவ்ளோ வலிச்சிருக்காது." அவன் திரும்பிப் போய்விட்டான்.

சனிக்கிழமை கிருத்திகை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை சரவணப் பொய்கையில் தெப்பம். பம்பையும் உடுக்கையும் தெருவை அடைத்துக்கொண்டு போக, சுபியா ஜன்னலைச் சாத்திவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். முதல் அணியை ஜெயித்தார்கள். கம்ப்யூட்டர் ஒரு நொடிகூட நிற்கவில்லை. எதிராளி மூலை திரும்பும்போதே தெரிந்தான். ஐந்து பேரும் தெலுங்கிலும் தமிழிலும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இரண்டாவது ஆட்டம் கடைசிச் சுற்று வரை போனது. இவள் ஒருத்தி மிச்சம், எதிரில் இரண்டு பேர். முதல் ஆளைச் சுட்டாள். இரண்டாவது ஆளுக்கு முன்னால் ஒரு கணம் அவசரப்பட்டாள். குண்டு தோளுக்கு மேலே போனது. முடிந்தது.

பரவாயில்லை, மார்கழியில் இன்னொரு சுற்று இருக்கிறது என்றாள் சுஜாதா.

கதவைத் திறந்து வெளியே வந்தபோது மூன்று பேரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். சோறு வைத்திருந்தது, யாரும் கைவைக்கவில்லை. அவள் உள்ளே இருந்த இரண்டு மணி நேரமும் டிவி போடாமல் இருந்திருக்கிறார்கள். அம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவளுக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

உபைத்தான் கேட்டான், தட்டைப் பார்த்துக்கொண்டு. "நின்னு போச்சா?"

"இல்ல. பிராசஸரு, போர்டு ரெண்டும் நல்லா வேல செஞ்சுது" என்றாள் சுபியா. "நான் தான் அவசரப்பட்டு சுட்டுட்டேன். என் தப்பு."

சாதாரணமாகச் சொன்னாள். புதன்கிழமையிலிருந்து அந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் வராத சொல் அது. ஃபக்ருதீன் நிமிர்ந்து மகனைப் பார்த்தார். இந்தத் தடவை பார்வையை எடுக்கவில்லை. உபைத்தின் காது சிவந்தது. அவன் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டான்.

சுபியா அதைப் பார்த்தாள். சுற்றிக்கொண்டு போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.